மூளை அனியூரிசம் சத்திரசிகிச்சை: யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார்ட்டு வாசலில் நிற்கும் உறவினரோடு வைத்தியர் ஐந்து நிமிடம் பேசுவார். அதில் பாதி, வந்த அதிர்ச்சியில் காதிலேயே விழாது. பிறகு தாதியிடமும், பக்கத்துக் கட்டில்காரரிடமும், கனடாவில் இருக்கும் மருமகனிடமும் கேட்டுக் கேட்டுத்தான் மீதியை விளங்கிக்கொள்வார்கள். வடக்கில் இப்படியான நோயாளிகளோடு வேலை செய்தபோது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். ஸ்கேனைப் பார்த்தவர் அவர்தான்.

அனியூரிசம் என்றால் என்ன?

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து வெளியே புடைத்து நிற்பது. பழைய சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடிக்கும்போது நைந்த இடம் மட்டும் கொப்புளமாக எழும்புமே, அப்படி. மூளையின் அடிப்பக்கத்தில் நாடிகள் கிளை பிரியும் இடங்களில்தான் பெரும்பாலும் வரும். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 100 பேருக்கு 3 பேரிடம் இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் அது இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

வெடித்தால்தான் ஆபத்து. அப்போது மூளையைச் சுற்றி நீர் நிற்கும் இடைவெளிக்குள் இரத்தம் பாயும். 40 முதல் 60 வயதுக்குள் கூடுதலாக நடக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வெடித்தவர்களில் சிலர் வைத்தியசாலைக்கு வந்து சேர முன்னமே இறந்துவிடுகிறார்கள். வந்து சேர்ந்தவர்களைக் காப்பாற்றுவதைப் பற்றியதுதான் கீழே உள்ள எல்லாம்.

தலையிடி எல்லாருக்கும் வருகிறதே. எதற்குப் பயப்படுவது?

வந்த வேகத்தைப் பாருங்கள். சாதாரணத் தலையிடி மெல்ல மெல்லக் கூடும். இது ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும். "தலையில் யாரோ அடித்தமாதிரி இருந்தது", "என் வாழ்நாளில் இப்படி ஒரு தலையிடி வந்ததில்லை" என்றுதான் நோயாளிகள் சொல்வார்கள். அதோடு சத்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, சிறிது நேர மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ வரலாம். ஒரு கண் இமை திடீரென்று கீழே தொங்கி, அந்தக் கண்ணின் கருமணி விரிந்திருந்தால் தலையிடி இல்லாவிட்டாலும் அன்றே போகவேண்டும். புடைப்பு பெருத்துக் கண்ணுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

நம் ஊரில் மணித்தியாலங்கள் தொலைவது இந்த இடத்தில்தான். இரண்டு பனடோல், நெற்றியில் சித்தாலேப, கொத்தமல்லி அவித்த தண்ணீர், "கொஞ்சம் படுத்து எழும்பு". நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விரதமிருந்தவர் வீதியில் விழுந்தால் வெயிலும் பசியும்தான் காரணம் என்று முடிவு செய்துவிடுவோம். பலமுறை அது சரியாகவும் இருக்கும். ஆனால் விழுவதற்கு முன் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாரா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் காத்திருக்கவேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. சிலருக்குப் பெரிய வெடிப்புக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு சிறு கசிவு வரும். திடீர்த் தலையிடி வந்து ஓரிரு நாளில் தணிந்துவிடும். தணிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. உயிரைக் காப்பாற்ற மிக நல்ல வாய்ப்பு அப்போதுதான் கையில் இருக்கிறது.

முதலில் எங்கே கொண்டுபோவது? என்ன செய்யக் கூடாது?

1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 2018இல் இது வட மாகாணத்துக்கும் வந்தது. காசு கிடையாது. ஓட்டோவில் மடியில் படுக்கவைத்துக் கொண்டுபோவதைவிட இது நல்லது, ஏனென்றால் வழியில் மயங்கினால் சுவாசத்தைப் பார்க்கத் தெரிந்தவர் கூட இருப்பார்.

யாழ்ப்பாண நகரத்துக்கு அருகில் இருப்பவர்களுக்குப் பெரியாஸ்பத்திரி, அதாவது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரிப் பக்கத்தவர்களை அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் முதலில் பார்த்து, சுவாசத்தையும் பிரஷரையும் சரிப்படுத்தி அனுப்புவார்கள். நெடுந்தீவு போன்ற இடங்களில் இருப்பவர்கள் காலைப் படகுக்குக் காத்திராமல் தீவு வைத்தியசாலைக்கு உடனே போய் "திடீர்த் தலையிடி, இத்தனை மணிக்கு" என்று சொல்லவேண்டும். அவசர இடமாற்றத்தை ஒழுங்குபடுத்துவது அவர்கள் பொறுப்பு.

அஸ்பிரின் கொடுக்காதீர்கள். அரை மயக்கத்தில் இருப்பவருக்குத் தேத்தண்ணி, சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். சரித்துப் படுக்கவைக்கவும். தலையிடி தொடங்கிய நேரத்தை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா வைத்தியர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வழமையாகப் பாவிக்கும் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர் என்றால் அதைச் சொல்ல மறக்கவேண்டாம்.

சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகும் ஏன் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கிறார்கள்?

தலையிடி தொடங்கி 6 மணித்தியாலத்துக்குள் நல்ல இயந்திரத்தில் எடுத்த சிடி ஏறத்தாழ எல்லாக் கசிவுகளையும் காட்டிவிடும். நேரம் போகப் போக இரத்தம் கரைந்து, ஸ்கேனில் தெரிவது குறையும். மூன்றாம் நாள் வந்தவரின் ஸ்கேன் சுத்தமாக இருப்பதை நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது. முள்ளந்தண்டு நீரை எடுத்துப் பார்த்தால், கரைந்த இரத்தத்தின் மஞ்சள் நிறம் அதில் இருக்கும். அந்த நிறம் உண்டாகச் சுமார் 12 மணித்தியாலம் தேவை என்பதால் சில வேளை வேண்டுமென்றே பொறுத்திருந்து எடுப்பார்கள். இந்த ஊசியால் கால் இழுத்துவிடும் என்பது ஊரில் உலவும் பயம். ஊசி போவது முள்ளந்தண்டு வடம் முடிந்த இடத்துக்குக் கீழே. பயப்படாமல் சம்மதியுங்கள்.

கசிவு உறுதியானால் அடுத்தது, நாளத்தில் சாயம் ஏற்றி எடுக்கும் சிடி. புடைப்பு எங்கே, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை அதுதான் காட்டும்.

கிளிப் நல்லதா, கொயில் நல்லதா? இங்கே கொயில் வசதி இல்லாததால்தான் மண்டையைத் திறக்கிறார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் இல்லை. இணையத்தில் தேடிவிட்டு வந்து கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

கிளிப் என்பது மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் ஒரு சிறு உலோகக் கவ்வியைப் போடுவது. 1937இல் அமெரிக்காவில் வோல்டர் டான்டி முதன்முதலில் ஒரு வெள்ளிக் கிளிப்பால் செய்தார். 1960களின் பிற்பகுதியில் சூரிச்சில் யாசர்கில் நுணுக்குக்காட்டியைத் தியேட்டருக்குள் கொண்டுவந்த பிறகு அது முன்னரைவிடப் பாதுகாப்பான சிகிச்சையாக வளர்ந்தது. கொயில் என்பது தொடை நாடியிலோ மணிக்கட்டு நாடியிலோ மெல்லிய குழாயை நுழைத்து மூளைவரை கொண்டுபோய், புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்புவது. இத்தாலியரான குக்லியெல்மி 1990 அளவில் கொண்டுவந்த முறை இது.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. வெடித்த அனியூரிசத்தோடு வந்த 2143 நோயாளிகள் அதில் இருந்தார்கள். ஒரு வருடத்தின் பின் இறந்தோ பிறர் உதவியில் தங்கியோ இருந்தவர்கள் கொயில் பக்கத்தில் 100க்கு சுமார் 24 பேர், கிளிப் பக்கத்தில் சுமார் 31 பேர். ஆகவே இரண்டு முறைக்கும் ஏற்ற புடைப்பு, இரண்டையும் செய்யக்கூடிய இடம் என்றால் கொயிலுக்கு ஒரு படி மேல். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நல்ல நிலையில் வந்தவர்கள். கொயில் போட்ட புடைப்பு மறுபடி நிரம்பக்கூடும் என்பதால் பின்னால் திரும்பத் திரும்பப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும். சரியாகப் போட்ட கிளிப் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும்.

புடைப்பின் இடமும் முக்கியம். மூளையின் பக்கவாட்டில் ஓடும் நடு நாடியில் இருந்தால், அதுவும் பக்கத்தில் இரத்தக் கட்டியோடு இருந்தால், எல்லா வசதியும் உள்ள நகரங்களிலும் திறந்துதான் செய்வார்கள். கட்டியையும் எடுக்கவேண்டும் அல்லவா. மூளைத்தண்டுக்கு முன்னால் ஆழத்தில் இருப்பதற்குக் கொயில்தான் பொருத்தம்.

வசதி குறைந்த இடங்களில் கிளிப் ஏன் முன்னுக்கு நிற்கிறது என்றால், செலவின் அமைப்பு அப்படி. நுணுக்குக்காட்டியும் எலும்பு துளைக்கும் கருவியும் ஒருமுறை வாங்கினால் பல வருடம் ஓடும். அதே நுணுக்குக்காட்டியில் மூளைக் கட்டிச் சத்திரசிகிச்சையும் செய்யலாம், முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையும் செய்யலாம். கொயிலுக்கு விசேட எக்ஸ்-ரே அறை வேண்டும், அதற்கெனப் பயின்ற வைத்தியர் வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் குழாய், கம்பி, சுருள் எல்லாம் புதிதாக வேண்டும். ஒரு புடைப்புக்குப் பல சுருள் போகும். எல்லாம் இறக்குமதி. ஆகவே உங்கள் ஆளுக்குக் கிளிப் என்று முடிவானால் ஏழைகளுக்கான மட்டமான சிகிச்சை கிடைக்கிறது என்று மனம் உடையாதீர்கள். நல்ல கையில் அது முழுமையான சிகிச்சை.

வசதி குறைவு என்றால் தியேட்டருக்குள் உண்மையில் எது குறைகிறது?

பெரும்பாலானோர் நினைப்பது இயந்திரங்களை. அவற்றில் பலவற்றுக்கு மாற்று வழி உண்டு. கிளிப் போட்ட பின் புடைப்பு முழுதாக அடைபட்டதா, பக்கத்து நாடி திறந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய நிலையங்களில் ஒளிரும் சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியிலேயே பார்ப்பார்கள். அது இல்லாத இடத்தில் பேனை போன்ற சிறு டொப்ளர் கருவியால் நாடியின் ஓசையைக் கேட்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் கிளிப்பின் இரு முனைகளையும் சுற்றிப் பார்த்து, புடைப்பை ஒரு மெல்லிய ஊசியால் குத்துவார்கள். இரத்தம் வராவிட்டால் அடைபட்டுவிட்டது. பிறகு சாயச் சிடி ஒன்றில் மறுபடி உறுதிப்படுத்துவார்கள்.

கிளிப்பின் கையிருப்பு இதைவிடச் சிக்கலானது. நேரானது, வளைந்தது, துவாரமுள்ளது, குட்டை, நெட்டை என்று பல வடிவங்கள் உண்டு. புடைப்பு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதற்கேற்றது வேண்டும். நாடியைச் சில நிமிடம் மட்டும் மூடிவைக்கத் தற்காலிகக் கிளிப்பும் வேண்டும். நடுவில் புடைப்பு வெடித்தால் உயிரைக் காப்பது அந்தத் தற்காலிகக் கிளிப்தான். அதனால்தான் சத்திரசிகிச்சைக்கு முன்தினம் ஸ்கேனை வைத்துக்கொண்டு எந்தக் கிளிப் இருக்கிறது, எது இல்லை என்று கணக்குப் பார்ப்பார்கள். தேவையானது இல்லையென்றால் வேறு வைத்தியசாலையிடம் கேட்டு எடுப்பார்கள். உறவினருக்கு இது "சும்மா தாமதிக்கிறார்கள்" என்று தோன்றும்.

என் கணிப்பில் உண்மையான பற்றாக்குறை ஆட்களும் கட்டில்களும்தான். மூளையைத் தளர்வாக வைத்து, பிரஷரை விரும்பிய அளவில் பிடித்துவைக்கத் தெரிந்த மயக்க மருந்து வைத்தியர், பின்னர் நாட்கணக்கில் பார்க்க ஐசியு கட்டில், இரவு இரண்டு மணிக்கும் ஸ்கேன் எடுக்க ஆள், ஒவ்வொரு மணித்தியாலமும் கண்மணியையும் கை காலையும் சோதித்து எழுதும் தாதி. ஒரு வீதி விபத்து நாளில் ஐசியு நிரம்பிவிட்டால் தியேட்டர் சும்மா இருந்தும் சத்திரசிகிச்சை தொடங்க முடியாது. புதுக் கருவி அன்பளிப்புச் செய்ய விரும்பும் வெளிநாட்டு உறவுகளுக்கு நான் சொல்வது: தாதியரின் பயிற்சிக்கும் கட்டில் பக்கத்து மொனிட்டருக்கும் என்ன தேவை என்று முதலில் கேளுங்கள்.

ஏன் கொழும்புக்கு அனுப்புகிறார்கள்? இங்கே செய்ய முடியாதா?

யாழ் போதனா வைத்தியசாலையில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எதை இங்கே செய்வது, எதை அனுப்புவது என்பதைப் புடைப்பின் இடம், நோயாளியின் நிலை, அன்றைய கட்டில், அங்குள்ள வசதி எல்லாவற்றையும் பார்த்து வைத்தியர்கள் தொலைபேசியில் பேசித் தீர்மானிப்பார்கள். இந்தச் சத்திரசிகிச்சையை அடிக்கடி செய்யும் இடங்களில் முடிவுகள் நன்றாக இருக்கின்றன என்பது உலகெங்கும் கண்ட உண்மை. எல்லாவற்றையும் இங்கேயே செய்யவேண்டும் என்ற ஊர்ப்பற்று இந்த விஷயத்தில் உதவாது.

ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம். மயக்கம் கூடியவருக்குப் புறப்பட முன்னமே சுவாசக் குழாய் போட்டுவிடுவார்கள், வழியில் போடுவது மிகக் கடினம் என்பதால். நீங்கள் செய்யவேண்டியது: ஸ்கேன் படங்கள் பதிந்த சீடித் தட்டு, இடமாற்றக் கடிதம், அடையாள அட்டை மூன்றும் ஒரே பையில். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் பெரிய உதவி. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடக்கூடிய நெருங்கிய உறவினர் கட்டாயம் போகவேண்டும். நள்ளிரவில் அம்மாவின் கையெழுத்துத் தேவைப்பட, அவர் கோண்டாவிலில் இருந்தால் என்ன செய்வது?

பிரான்ஸில் இருக்கும் அண்ணா காசு தருகிறார். இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா?

வெடித்த அனியூரிசம் என்றால், வேண்டாம் என்பேன். மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணித்தியாலத்தில்தான் மிக அதிகம். சிகிச்சையே செய்யாமல் விட்டால் ஆறு மாதத்துக்குள் பாதிப்பேருக்கு மறுபடி வெடிக்கும். இரண்டாவது வெடிப்பு முதலாவதைவிடக் கொடியது. விசா, விமானம், வைத்தியசாலை முற்பணம் என்று போகும் இரண்டு மூன்று நாட்களும் அந்த ஆபத்துக்குள்தான் போகும். வெடிக்காத புடைப்பு என்றால் அவசரம் இல்லை. தாராளமாக இன்னொரு கருத்துக் கேளுங்கள்.

நல்ல நாள் பார்க்கும் விஷயமும் இதுதான். அட்டமி, நவமி என்று ஒரு நாள் தள்ளச் சொல்லிக் கேட்பவர்களின் பயம் எனக்கு விளங்கும். அர்ச்சனையைக் கோயிலில் செய்யுங்கள், கையெழுத்தை இங்கே வையுங்கள்.

செலவு எவ்வளவு வரும்?

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். இல்லாத மருந்துக்கும் பொருளுக்கும் வெளியே வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். 2022 நெருக்கடியில் இது எவ்வளவு கூடியது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரு பொருளை வாங்க முன் வேறு வார்ட்டில் இருக்கிறதா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். பெரிய தொகை என்றால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கிளிப் போட்டாயிற்று. ஆபத்து முடிந்ததா?

மறுபடி வெடிக்கும் ஆபத்துத்தான் முடிந்தது. வெளியே பாய்ந்த இரத்தம் மூளை நாடிகளை எரிச்சலூட்டி, வெடித்த நாளிலிருந்து எண்ணி நாலாம் நாள் தொடங்கிப் பதினாலாம் நாள்வரை அவற்றைச் சுருங்க வைக்கும். நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தவர் ஏழாம் நாள் உறங்கி வழிவது இதனால்தான். சிலருக்கு மூளைக்குள் நீர் தேங்கும், அதை வெளியே எடுக்கக் குழாய் வைப்பார்கள்.

நாடி சுருங்குவதால் வரும் பாதிப்பைக் குறைக்க நிமோடிபின் என்ற குளிசை. 60 மில்லிகிராம், 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 21 நாட்கள். 1989இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு இந்த அளவில்தான் பயனைக் காட்டியது. விழுங்க முடியாதவருக்கு அரைத்து மூக்குக் குழாயால் கொடுப்பார்கள். பிரஷர் இறங்கினால் வைத்தியர் அளவை மாற்றுவார், நீங்களாக நிறுத்தக் கூடாது. இரவு இரண்டு மணிக் குளிசைக்காக எழுப்புகிறார்களே என்று தாதியோடு சண்டை பிடிக்காதீர்கள். நாட்கள் முடிய முன் வீட்டுக்கு விட்டால் மீதிக் குளிசை கையில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டே வெளிக்கிடுங்கள்.

இங்கே குடும்பத்தின் கண் ஒரு கருவிக்குச் சமம். சொல் குழறுகிறது, ஒரு கை தளர்கிறது, நேற்றுச் சொன்ன பேரன் பெயர் இன்று வரவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். அவரை முன்பு அறிந்தவர் நீங்கள் மட்டும்தான்.

சத்திரசிகிச்சையால் பிரயோசனம் இல்லை என்கிறார்கள். கைவிடுகிறார்களா?

இது மிகக் கனமான கேள்வி. ஆழ்ந்த மயக்கத்தில், வெளிச்சம் அடித்தும் கண்மணி சுருங்காமல் வந்தவர்களில் பலர் என்ன செய்தாலும் பிழைப்பதில்லை. பிழைத்தாலும் எழும்பாமலே இருக்கலாம். ஆனால் நீர் தேங்கியதால் மயங்கியவர் குழாய் வைத்த பின் கண் விழிப்பதும் உண்டு. ஆகவே முதலில் நீரை வடித்து, ஒன்றிரண்டு நாள் பார்த்து முடிவெடுப்பார்கள். "நீர்த் தேக்கம் இருக்கிறதா, குழாய் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். நியாயமான கேள்வி அது, எந்த வைத்தியரும் கோபிக்கமாட்டார். விளங்காததைத் தமிழில் திரும்பச் சொல்லக் கேட்பதற்கும் கூச்சம் வேண்டாம். மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி வைத்தியரான டொக்டர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது.

பழையபடி வேலைக்குப் போவாரா?

பலர் போகிறார்கள், உடனே அல்ல. களைப்பு, மறதி, சட்டென்று வரும் கோபம் மாதக்கணக்கில் இருக்கும். வெளியில் பார்க்க நல்லாயிருப்பதால் "சோம்பல்" என்று வீட்டில் பேச்சு வரும். அது மூளை ஆறும் வேலை. வலிப்பு வரும் சாத்தியம் இருப்பதால், வைத்தியர் சொல்லும்வரை மோட்டார் சைக்கிள் வேண்டாம், தனியே கடலுக்குப் போகவேண்டாம், பனை ஏறவேண்டாம். கடற்றொழிலாளரும் சீவல் தொழிலாளரும் இதைக் கேட்டால் "அப்ப சாப்பாட்டுக்கு?" என்பார்கள். கிளினிக்கில் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், எப்போது தொடங்கலாம் என்று திகதி வைத்துப் பேசலாம்.

கிளிப்போடு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

இப்போது போடும் டைட்டேனியம் கிளிப்போடு எடுக்கலாம். ஆனால் எந்த வகை என்று எழுதிய பத்திரத்தைக் காட்டவேண்டும். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தற்செயலாகச் சின்னப் புடைப்பு ஒன்று கண்டார்கள். அப்புறம்?

7 மில்லிமீற்றருக்குக் குறைந்தவற்றில் பல, குறிப்பாக மூளையின் முன்பக்க நாடிகளில் உள்ளவை, வெடிப்பது குறைவு. வயது, இடம், வடிவம் பார்த்து, குறித்த இடைவெளியில் ஸ்கேன் செய்து கவனித்தாலே போதும் என்று சொல்லக்கூடும். சத்திரசிகிச்சைக்கும் அதற்கான ஆபத்து உண்டு என்பதால் அந்த ஆலோசனை அலட்சியம் அல்ல.

எங்களுக்கும் வருமா? பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுக்கவா?

தாய், தகப்பன், சகோதரர், பிள்ளை என்ற நெருங்கிய உறவில் இரண்டு பேருக்கு இருந்திருந்தால், அல்லது பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் நோய் இருந்தால், வளர்ந்தவர்களுக்கு ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் பொதுவாகத் தேவையில்லை. அதைவிட முக்கியம் பிரஷரை அளப்பதும் புகையை விடுவதும். சுருட்டு, பீடி, சிகரெட் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். நோயாளியைப் பார்க்க வந்து வெளியே நின்று புகைக்கும் தம்பிமாருக்கும் சேர்த்து.